எல்லோர் தொண்டைக்கும் ஒரே குழாய்

(செவிலியர் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மேடையில் பேசிப் பழகியவள் இல்லை. அரசு மருத்துவமனை ஒன்றின் எண்டோஸ்கோப்பி அறையில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கும் செவிலியர். "சாதியும் மருத்துவமும் பற்றிப் பேசுங்கள்" என்று நண்பர்கள் கேட்டபோது, அவ்வளவு பெரிய தலைப்பு எனக்கு வேண்டாம், என் அறையைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்றேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை அது. ஒரு கட்டில், ஒரு திரை, ஒரு குழாய். ஒட்டினாற்போல் ஒரு கழுவும் அறை. நான் சொல்ல வந்தது எல்லாம் இந்த இரண்டு அறைகளுக்குள் இருக்கிறது.

எண்டோஸ்கோப்பி என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் நோயாளிகள் "கேமரா விட்டுப் பாக்குறது" என்பார்கள். விரல் தடிமனில் வளையும் குழாய். நுனியில் வெளிச்சமும் கேமராவும் இருக்கும். வாய் வழியாக விட்டு உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் வரை பார்ப்போம். ஆசனவாய் வழியாகப் பெருங்குடலைப் பார்ப்பது கொலனோஸ்கோப்பி. இரத்த வாந்தி எடுத்து வருகிறவர், சோறு இறங்காமல் அடைத்துக்கொண்டு வருகிறவர், ஆசிட் குடித்துவிட்டு உணவுக்குழாய் சுருங்கிப்போய் வருகிறவர், எல்லோரும் அந்தக் கட்டிலில்தான் படுக்கிறார்கள்.

நான் அந்த அறைக்குப் போன முதல் வாரம். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, மகன் கையில் மருத்துவக் கோப்பு. கட்டிலில் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்: "எந்த ஊரும்மா?" சொன்னேன். "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" இந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று இங்கே இருக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குழாயைப் பார்த்துக்கொண்டே அடுத்த கேள்வி கேட்டார்: "எனக்கு முன்னாடி இத யாருக்கு விட்டீங்க?"

தோழர்களே, அந்தக் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்று, குழாயைச் சரியாகக் கழுவினீர்களா என்பது. அதைக் கேட்க ஒவ்வொரு நோயாளிக்கும் உரிமை உண்டு. இன்னொன்று, யாருடைய வாயில் போனது என் வாய்க்கு வருகிறது என்பது. நான் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். "அய்யா, ஒவ்வொருத்தருக்கும் பிறகு கழுவி, கிருமிநாசினியில ஊறவச்சுத்தான் அடுத்தவங்களுக்கு விடுவோம். உங்களுக்கும் அப்படித்தான், உங்களுக்கு அடுத்து வர்றவங்களுக்கும் அப்படித்தான்."

எங்கள் ஊர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஊர்த்தெருக்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். எங்கள் அப்பாவுக்கு வெளியே கூரையில் செருகி வைத்த அலுமினிய டம்ளர், அதையும் அவரே கழுவி வைக்க வேண்டும். சாதி எச்சிலில் குடியிருக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவள், எல்லோர் தொண்டைக்கும் ஒரே குழாய் போகிற அறையில் வந்து நின்றேன். இரண்டு ஸ்கோப் வாங்கி சாதிக்கு ஒன்றாக வைத்துக்கொள்ள யாருக்கும் வசதி இல்லை. ஒரு ஸ்கோப்பின் விலை பல லட்சம்.

அந்தப் பெரியவரை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தேன். தொண்டை மரத்துப்போக ஸ்பிரே அடித்தேன். பல் செட்டைக் கழற்றி வாங்கி வைத்தேன். பற்களுக்கு நடுவே வளையத்தை வைத்தேன். குழாய் உள்ளே போனதும் அவர் உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது. கண்ணில் தண்ணீர். வாயோரம் எச்சில் வழிந்தது. துடைத்தேன். "மூக்கால மூச்சு விடுங்க அய்யா. எச்சில முழுங்காதீங்க, அப்படியே வழிய விடுங்க, நான் தொடச்சுக்கிறேன். இன்னும் ரெண்டு நிமிஷம்தான்." அவர் கை துழாவி என் கையைப் பிடித்தது. முடியும்வரை விடவில்லை.

இந்த இடத்தில் கதையை முடித்தால் உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் நடந்ததைச் சொல்கிறேன். வெளியே போய் உட்கார்ந்ததும் நான் நீட்டிய டம்ளரை அவர் வாங்கவில்லை. மகன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறந்தான். நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "தொண்டை மரத்துப்போயிருக்கு. முக்கால் மணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது. அப்புறம் ஒரு மடக்கு குடிச்சுப் பாருங்க, பொறை ஏறலேன்னா மெதுவாச் சாப்பிடலாம்." பாட்டில் யாருடையது என்பது அவர் கவலை. தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பது என் கவலை.

அவரை மாற்றினேன் என்று சொல்ல வரவில்லை. அந்த அறையின் விதி அவருடைய சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். எல்லா நோயாளியின் எச்சிலிலும் இரத்தத்திலும் கிருமி இருக்கலாம் என்று வைத்துக்கொள், முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதே, எல்லோருக்கும் ஒரே பாதுகாப்பு, ஒரே கழுவல். இதுதான் நாங்கள் படித்த பாடம். எல்லோருடைய எச்சிலையும் ஒன்றாகப் பார்க்கச் சொல்கிற பாடம். தீட்டு என்ற சொல் மனிதர்களைத் தரம் பிரிக்கிறது. சுத்தம் என்ற சொல் கிருமியை மட்டும் தேடுகிறது. நம் வீடுகளில் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி வைத்திருக்கிறார்கள். பிரித்துப் பார்க்க எனக்கு அந்த அறைதான் கற்றுக்கொடுத்தது.

இனி, செவிலியர் வேலை என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதைச் சொல்கிறேன். குழாயை உள்ளே விடுகிறவர் டாக்டர். நோயாளி உயிரோடும் மரியாதையோடும் வெளியே போவதைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலும் தூக்க ஊசி போட்டுச் செய்வார்கள். எங்களிடம் ஒரு காலையில் முப்பது, நாற்பது பேர் நிற்பார்கள். ஊசி போட்டால் நாடித்துடிப்பையும் ஆக்சிஜனையும் தொடர்ந்து பார்க்க ஆள் வேண்டும், தெளியும்வரை படுக்க இடம் வேண்டும், கூட்டிப்போக ஒருவர் வேண்டும், அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது. கூட வருகிற ஆளுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் பெரும்பாலோருக்குத் தொண்டை ஸ்பிரே மட்டும்தான். முழு நினைவோடு அந்தக் குழாயை விழுங்குகிறார்கள். அங்கே மயக்க மருந்தின் வேலையை நம் பேச்சும் கையும்தான் செய்ய வேண்டும்.

என்ன பேச்சு? முந்தைய நாளே தொடங்க வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிட வேண்டாம் என்று சொன்னால் போதாது. ஏன் என்று சொல்ல வேண்டும்: வயிற்றில் சோறு இருந்தால் வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள் போகும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறாரா, இன்சுலின் போடுகிறாரா என்று கேட்டு அவரைப் பட்டியலில் முதலில் வைக்க வேண்டும். முதல் பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வந்தவரை மதியம் வரை உட்கார வைத்தால், சர்க்கரை இறங்கி வராந்தாவிலேயே விழுவார். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறாரா, மருந்து ஒவ்வாமை உண்டா, முன்பு ஆசிட் ஏதும் குடித்தாரா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியைத் தனியாக, மெதுவாக, யாரும் கேட்காத இடத்தில் கேட்க வேண்டும்.

அப்புறம், 'நீ'யும் 'நீங்க'ளும். எங்கள் வராந்தாவில் ஒரு மணி நேரம் நின்று கேளுங்கள். சட்டை மடிப்புக் கலையாமல் வருகிறவருக்கு "வாங்க சார், படுங்க." கைலியோடு வருகிறவருக்கு "வா, படு, வாயத் தொற." இரண்டு பேருக்கும் போவது ஒரே குழாய், வருவது ஒரே பயம். பேச்சில் மட்டும் இரட்டைக் குவளை. கையெழுத்துப் படிவத்தையும் அப்படித்தான் நீட்டுகிறோம். "இங்க கைநாட்டு வை" என்று சொல்வதற்குப் பெயர் ஒப்புதல் இல்லை. என்ன செய்யப்போகிறோம், இரத்தக்கசிவோ துளையோ வர மிக அரிதாக வாய்ப்பு உண்டு என்பதை அவர் மொழியில் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகு வாங்குவதுதான் ஒப்புதல்.

இதையெல்லாம் நான் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வரவில்லை. என் தப்பையும் சொல்ல வேண்டும்.

ஒரு பாட்டி. கூலி வேலை, களையெடுக்கப் போகிறவர். மலத்தோடு இரத்தம் போகிறது என்று வந்தார். கொலனோஸ்கோப்பி எழுதினார்கள். அதற்கு முந்தைய நாள் பேதி மருந்துப் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பத்துப் பதினைந்து தடவை போகும். கடைசியில் வெறும் மஞ்சள் தண்ணீராகப் போனால்தான் குடல் சுத்தம், குடல் சுத்தமானால்தான் உள்ளே எதுவும் தெரியும். பாட்டிக்கு நான்தான் சொல்லி அனுப்பினேன். வந்தார். குழாயை விட்டால் மலம். திருப்பி அனுப்பினோம். ஒரு மாதம் கழித்து அடுத்த தேதி. மறுபடியும் அதே கதை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே பாட்டி, முழுசாக் குடிச்சீங்களா இல்லையா? எங்க நேரத்தை எல்லாம் வீணாக்குறீங்களே" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் தாயி" என்றார்.

கழுவும் அறையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் வெளியே வந்து பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்டது ஒரே கேள்வி: "வீட்ல கக்கூஸ் இருக்கா அத்தை?"

இல்லை. அவர்கள் தெருவில் நிறைய வீடுகளில் இல்லை. கட்டிக்கொடுத்த ஒன்றிரண்டும் தண்ணீர் இல்லாமல் விறகு அடுக்கிக் கிடக்கிறது. ஏரிக்கரைப் பக்கம் போக வேண்டும். அந்தக் கரைக்குப் போகும் வழி ஊர்த்தெருக்காரர் வயல். பகலில் போனால் திட்டுவார்கள். இருட்டிய பிறகுதான் போக முடியும். பதினைந்து தடவை அந்த வயதில் எப்படிப் போவது? அரை லிட்டர் குடித்தார், மூன்று தடவை போனார், வழியில் ஒரு தடவை சேலையிலேயே ஆகிவிட்டது. மீதியை ஊற்றிவிட்டார். இதை எங்களிடம் சொல்ல வெட்கம். நான் கேட்கவும் இல்லை.

நான் சேரியில் பிறந்தவள். எங்கள் அம்மா இருட்டும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்ததைப் பார்த்தவள். இருந்தும், சீருடை போட்டதும் அந்தக் கேள்வி எனக்கு மறந்துபோயிற்று. என் கையில் இருந்த அறிவுரைத் தாள், வீட்டுக்குள் கக்கூஸ் இருக்கிறவர்களுக்காக எழுதப்பட்டது. அதை அப்படியே வாசித்துக் காட்டிவிட்டு, முடியாதவரைத் திட்டினேன்.

பாட்டியை முந்தைய நாளே வார்டில் சேர்த்தோம். கக்கூஸுக்குப் பக்கத்துக் கட்டில். அந்த அக்கா ராத்திரி வேலை முடிந்து போகும்முன் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் காலை குடல் கண்ணாடி மாதிரி இருந்தது. உள்ளே கட்டி. சதைத் துண்டு எடுத்து அனுப்பினோம். புற்றுநோய். அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பி வைத்தோம். இடையில் போன இரண்டு மாதத்தில் அது எவ்வளவு வளர்ந்தது என்று எனக்குச் சொல்ல யாராலும் முடியாது. அந்த இரண்டு மாதத்தை நான் என் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது எங்கள் அறையில் கொலனோஸ்கோப்பி சீட்டு எழுதும்போது கேட்கும் முதல் கேள்வி அக்காவின் கேள்விதான். இல்லை என்றால், தனியாக இருக்கிறார் என்றால், முந்தைய நாளே அனுமதி. எந்தப் பாடநூலிலிருந்தும் அது வரவில்லை. கழுவும் அறையிலிருந்து வந்தது.

அந்தக் கழுவும் அறைக்கு வருகிறேன்.

குழாயை வெளியே எடுத்த நிமிடமே, காயும்முன், கட்டில் அருகிலேயே அதைத் துடைத்து, உள்வழிகளில் கரைசலை உறிஞ்சி எடுக்க வேண்டும். பிறகு ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று காற்றடைத்துச் சோதிக்க வேண்டும். நொதிக் கரைசலில் மூழ்க வைத்து, ஒவ்வொரு உள்வழியிலும் நீண்ட பிரஷ்ஷை விட்டு, பிரஷ் சுத்தமாக வெளியே வரும்வரை தேய்க்க வேண்டும். அலச வேண்டும். 2 சதவிகித குளூட்டரால்டிஹைடில் 20 நிமிடம் முழுதாக மூழ்கியிருக்க வேண்டும். மறுபடி அலசி, உள்வழி வரை காயவைத்து, தொங்கவிட வேண்டும். தேய்க்காமல் ஊறவைத்தால் பயனில்லை. ஒட்டியிருக்கும் சளிக்குள் மருந்து போகாது.

ஒரு படி தவறினால் ஒருவரின் கிருமி அடுத்தவருக்குப் போகும். இதன் நுட்பம் எவ்வளவு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2015இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையில், பித்தநாளம் பார்க்கும் ஸ்கோப் வழியாக மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியா பரவிப் பலருக்குத் தொற்று வந்தது தெரியவந்தது, சிலர் இறந்திருந்தார்கள். அந்தக் கருவியின் நுனியில் இருந்த சின்ன நெம்புகோல், சொன்னபடி கழுவினாலும் முழுதாகச் சுத்தமாகாத வடிவத்தில் இருந்தது. அமெரிக்காவிலேயே இப்படி என்றால், கழுவுகிறவரின் கையை நம்பித்தான் நாம் எல்லோரும் வாயைத் திறக்கிறோம் என்பது புரியும்.

அப்படிப்பட்ட வேலையை யார் செய்கிறார்கள்? எங்கள் அறையில் எழுதப்படாத ஒரு பட்டியல் இருந்தது. புதிதாக வரும் ஒப்பந்தத் தொழிலாளர்களில் எங்கள் தெருக்களிலிருந்து வருகிறவர் கழுவும் அறைக்கு, மற்றவர் சீட்டுப் பதியும் மேசைக்கு. செவிலியர்களிலும் அப்படித்தான். "உனக்கு இது பழகிடும்மா" என்று என்னிடமே சொன்னார்கள். எனக்கு மட்டும் ஏன் பழகும் என்று யாரும் விளக்கவில்லை. அறையில் ஜன்னல் கிடையாது. குளூட்டரால்டிஹைடின் ஆவி கண்ணை எரிக்கும், தோலைப் புண்ணாக்கும், தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். அக்காவுக்கு இரவு முழுக்க இருமல். நாள் முழுக்க இரத்தத்திலும் எச்சிலிலும் கை வைக்கிறவருக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி கூடப் போடப்பட்டிருக்கவில்லை. அவர் ஒப்பந்தக்காரரின் ஆள், எங்கள் ஊழியர் இல்லை என்று பதில் வந்தது.

உழைப்பைப் பிரிப்பதாகச் சொல்லிக்கொண்டு உழைப்பவர்களைப் பிரித்து வைக்கும் ஏற்பாடுதான் சாதி என்று அம்பேத்கர் 1936லேயே விளக்கிவிட்டார். எனக்கு அது கழுவும் அறையின் வாசலில்தான் விளங்கியது.

நாங்கள் செய்தது சின்னது. மூன்று பேர் சேர்ந்து மனு கொடுத்தோம். இரண்டு தடவை காணாமல் போனது. மூன்றாவது தடவை தொற்றுத் தடுப்புக் குழுவிடம் கொடுத்தோம், நோயாளிக்கும் ஆபத்து என்று எழுதினோம். காற்றை வெளியேற்றும் மின்விசிறி வந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் தடுப்பூசி மூன்று தவணையும் போட்டார்கள். கழுவும் வேலைக்குச் சுழற்சிப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினோம். எல்லாச் செவிலியர் பெயரும் அதில் இருந்தது. ஒரு மூத்த சகோதரி, "இருபது வருஷ சர்வீஸ்ல நான் குழாய் கழுவணுமா?" என்று கேட்டு ஒரு வாரம் பேசவில்லை. இப்போது கழுவுகிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான். பரவாயில்லை, ஒழுங்காகத் தேய்க்கிறார். அக்காவின் சம்பளம் மட்டும் இன்னும் மாறவில்லை. நிரந்தரமும் ஆகவில்லை. அந்தப் போராட்டம் பாக்கி இருக்கிறது.

செவிலியர் படிப்பில் நைட்டிங்கேலை எல்லோரும் படிக்கிறோம். சாவித்திரிபாய் பூலேவை ஆசிரியர் என்று மட்டும் தெரிந்து வைத்திருக்கிறோம். 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது, மருத்துவரான மகன் யஷ்வந்தோடு சேர்ந்து நோயாளிகளைக் கவனித்தவர் அவர். தீண்டக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்துச் சிறுவன் ஒருவனைத் தன் முதுகில் சுமந்து சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். அந்த நோய் அவரையும் தொற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார். நம் வேலையின் வரலாற்றை அவரிடமிருந்தும் தொடங்கலாம்.

ஆனால் செவிலியர்கள் தியாகம் செய்து சாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கையுறை, முகக்கவசம், தடுப்பூசி, நிரந்தர வேலை, இவை இருந்தால் யாரும் சாக வேண்டியதில்லை.

இங்கே இருக்கிற மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நாளை உங்களை ஏதாவது ஒரு வார்டில் போடுவார்கள். கையில் கொடுக்கும் அறிவுரைத் தாளை வாசிக்கும்முன், அது யாருடைய வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று பாருங்கள். நோயாளியை 'நீங்க' என்று கூப்பிடுங்கள். உங்கள் பெயர் கழுவும் பட்டியலில் இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.

மற்ற தோழர்களிடம்: உங்கள் அம்மாவையோ அப்பாவையோ எண்டோஸ்கோப்பிக்குக் கூட்டி வரும்போது, ஸ்கோப் கழுவியாயிற்றா என்று தயங்காமல் கேளுங்கள். எங்களுக்குக் கோபம் வராது. வந்தாலும் கேளுங்கள். வீட்டுக்குப் போன பிறகு நெஞ்சு வலி, கடும் வயிற்று வலி, காய்ச்சல், இரத்த வாந்தி, கறுப்பு மலம் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே திரும்பி வாருங்கள். முடிந்தால் கழுவும் அறைப் பக்கமும் ஒரு முறை எட்டிப் பாருங்கள். உள்ளே ஓர் அக்கா இருப்பார். அவர் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். அதைக் கேட்டுவிட்டு வந்து நாம் அடுத்த கூட்டத்தைப் போடலாம்.